சைலன்சர் சமாச்சாரம்

ஷ்டுட்கார்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

"நல்லா இருக்கிற சைலன்சரைக் கழற்றிட்டு, சத்தம் போடுறதைக் காசு குடுத்து மாட்டியிருக்கியே, எதுக்குடா?" என்று போனில் கேட்டீர்கள். பின்னால் அம்மா சிரித்த சிரிப்பில் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் ராஜ்தூத் கிளம்பினால் தெருவே எழுந்திருக்குமே, அதெல்லாம் கணக்கில் வராதா?

என்னுடையது பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார். சத்தம் மட்டும் தையல் மிஷின். பக்கத்தில் ஒரு போர்ஷே வந்து நின்றால் ஜன்னலை ஏற்றிக்கொள்வேன்.

இங்கே ஸ்பானரோடு வாசலில் உட்கார்ந்தால் எதிர் வீட்டுத் திரை விலகும். அதனால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறைக்குப் போனேன். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்களா, அடியிலுள்ள போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் அடித்துவிட்டு அது ஊறும்வரை நின்றேன், வாடகை ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் மாட்டிகள் சோப்புத் தண்ணீருக்குத்தான் மசிந்தன. கிளாம்ப்பை லூசாக விட்டு, குழாய் முனையைப் பம்பருக்கு நேராக்கி, அப்புறம்தான் முறுக்கினேன். ஸ்டார்ட் செய்ததும் இணைப்பில் 'புஸ்'ஸென்று காற்று. கேஸ்கெட்டைத் திருப்பி உட்கார வைத்ததும் நின்றது. குதிரைசக்தி ஏறியதா என்று மாமா கேட்பார். ஏறியது சத்தம்தான்.

அதிலும் ஒரு வம்பு. 3000 சுற்று வந்ததும் உள்ளே ஒரு 'ஹூம்' கிளம்பிக் காதை அடைக்கிறது. நடுவில் ஒரு ரெசனேட்டர் வைத்தால் அடங்கும். ஆனால் இந்தக் குழாய்க்கு அனுமதிக் காகிதம் இருக்கிறது. நடுவில் கை வைத்தால் காகிதம் செல்லாது. ஆர்சி புத்தகத்திலேயே வண்டிக்கு எத்தனை டெசிபல் என்று அச்சடித்திருக்கிறது. சந்தேகம் வந்தால் குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி சாய்வில் மைக் வைத்து அளப்பார்கள். ஆகவே அந்த ஹூமைத் தாண்ட இன்னும் வேகமாகத்தான் போக வேண்டும். ஆட்டோபானில் வேக வரம்பு இல்லாத இடம் நிறைய. இந்த வரியை அம்மாவுக்கு வாசிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட இதைக் கேளுங்கள். ஊருக்குள், அடுத்தவருக்குத் தொந்தரவாக, வேலையில்லாமல் இங்கும் அங்கும் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2021-லிருந்து அபராதம் 100 யூரோ வரை. வேலையில்லாமல் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பெட்ரோல் போடப் போகலாம். பெட்ரோல் போட்டுவிட்டு அதைத் தீர்க்கப் போகலாமா? நம் ஊரில் இந்தச் சட்டம் வந்தால் சாயங்காலம் ரத வீதியில் ஒரு குடும்பம் மிஞ்சாது. சித்தப்பாவுக்கு ஆயுள் தண்டனை. உங்களோடு பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து நாலு வீதியும் சுற்றினேனே, எதற்காக என்று ஒரு நாளாவது கேட்டோமா?

எதற்கும் இருக்கட்டும் என்று நான் காரணத்தோடுதான் கிளம்புகிறேன். தினம் ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகிறேன். போகும்போது இரண்டாவது கியர், வரும்போதும் இரண்டாவது கியர். கீழ்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தால் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுகிறேன். ஃப்ரிட்ஜில் இடமில்லை. உறை ஊற்றி ஊற்றித் தயிராக நிற்கிறது. மோர்க்குழம்புக்கு அம்மா என்னென்ன அரைப்பாள் என்று கேட்டு எழுதுங்கள். போன தடவை வைத்தது திரிந்துவிட்டது.

உங்கள் அன்பு மகன்