தவறு நிற்கும், படிவம் பேசும்

பாலியல் ஆய்விதழான ‘ஆர்கைவ்ஸ் ஆஃப் செக்ஷுவல் பிஹேவியர்’ 2003-இல் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரின் கட்டுரையை வெளியிட்டது. சிலருக்குத் தன்பாலீர்ப்பை மாற்ற முடியுமாம். ஆதாரம், 200 பேருடன் தொலைபேசிப் பேச்சு. வழக்கமான முன்மதிப்பீடு இல்லை. கூடவே 26 விமர்சனங்களை அச்சிட்டார்கள். சோற்றைப் பரிமாறிவிட்டுப் பதம் பார்க்க ஆள் கூப்பிட்ட கதை. 2012-இல் ஸ்பிட்சரே மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதுவும் அச்சேறியது, கட்டுரையும் வாபஸ் ஆகாமல் சௌக்கியமாக இருக்கிறது.

2023-இல் அதே இதழில் வந்த, பாலின அடையாளம் பற்றிய வேறொரு கட்டுரையால் சர்ச்சை. இதழாசிரியரை நீக்கச் சொல்லி ஒரு கூட்டறிக்கை, வைத்துக்கொள்ளச் சொல்லி இன்னொன்று. பதிப்பகமான ஸ்பிரிங்கர் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. சொன்ன காரணம், பங்கேற்றவர்களிடம் பிரசுர ஒப்புதல் பெறவில்லை என்பது.

ஆய்வாளர்களே, முடிவு தப்பினாலும் பரவாயில்லை, படிவத்தைப் பத்திரப்படுத்துங்கள்.