கடலுக்கு மறுபடியும் போதல்: மலையக வேன் பயணம் குறித்த ஓர் ஆய்வு

மறுபயணம் என்பது, ஒரு குடும்பம் முன்பு போன இடத்துக்கே போய், முன்பு போல இல்லை என்று உறுதிசெய்துகொண்டு திரும்புவது. ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் இது பெரும்பாலும் திருகோணமலையை நோக்கி நடைபெறும். உரிய காலம் மே முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவமழையில் லயத்துக் கூரைகள் ஊறிக்கிடக்கும் அதே மாதங்களில் கிழக்குக் கடல் குளம்போல் கிடக்கும்.

ஊர்தி டொல்பின் எனப்படும் டொயோட்டா வேன். கடலையே காணாத தோட்டத்துப் பிள்ளைக்கும் டொல்பின் நான்கு சக்கரமும் டீசல் வாசமும் உடையது என்று தெரியும். விலங்கியலார் இதில் மாறுபடுவர். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் பயணம் தொடங்கியதாகக் கொள்ளப்படும். றம்பொடை வளைவுகளில் சொப்பிங் பேக்குகள் கைமாறும். வாந்தி வருமென்று அறிவிப்பவருக்கு முன்சீட்டு உரித்து. அறிவிப்போடு நிறுத்திக்கொள்வோரே அதிகம்.

மாத்தளை முத்துமாரியம்மனுக்கு ஒரு தேங்காய். கோப்பிக் காலத்தில் மன்னாரில் கரையிறங்கிய கூலிச்சனம் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்து சேர்ந்தது. வேன் அந்தத் தடத்தில் எதிர்த்திசையில், பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது.

கடற்கரையில் முதல் பரிசோதனை தேத்தண்ணீர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். திருகோணமலையில் 100 வரை சுடும். ஆகவே கொண்டுபோன அதே தூள் இங்கே நன்றாகவே இறங்க வேண்டும். ஆயினும் 'இது தேத்தண்ணியா?' என்ற அப்பாயியின் தீர்ப்பை எந்த வெப்பமானியும் இதுவரை மாற்றியதில்லை.

அடுத்து ஒப்பீட்டுக் களங்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் சூடு வேறுவேறு. போன தடவை எது அதிகம் சுட்டது என்பதில் மட்டும் குடும்பம் இரு கட்சியாகும். கோட்டைக்குள் திரியும் மான்கள் முன்பு கொழுத்திருந்தன என்பதில் கருத்து வேறுபாடில்லை. கோணேசர் கோயிலில்தான் ஆய்வாளர் சற்றுத் தயங்குவார்: பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தனர், இன்றுள்ளதற்குக் குடமுழுக்கு 1963இல் நடந்தது. 'முந்தி இப்படி இல்லை' என்ற கூற்றுக்கு வரலாற்று ஆதாரம் உள்ள ஒரே நிறுத்தம் இதுவே.

அப்பாயியின் 'போன தடவை' 1983க்கு முந்தியது என்பதையும் குறிக்க வேண்டும். அதன்பின் 2009 வரை, யுத்த காலத்தில், இத்துறையில் தரவு மிகக் குறைவு. அவர் கணக்கில் அந்த இருபத்தாறு ஆண்டுகளும் ஒரே அடைமழைக் காலம். ஆகவே நிலாவெளியில் அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் காலை நனைத்துக்கொண்டு நிற்பது ஒப்பீட்டில் சேர்க்கப்படுவதில்லை.

திரும்பும் வேனில் மணலும் கருவாடும் இருக்கும். கருவாட்டு வாசம் கந்தளாயிலேயே கம்பளிச் சட்டைகளில் ஏறிவிடும். கண்டி தாண்டிக் குளிர் தொடங்கியதும் அவற்றை வேறு வழியின்றி எல்லோரும் அணிவர். மறுநாள் லயத்தில் வீட்டுக்கு நாலு துண்டு பங்கிடப்படும். போன தடவைத் துண்டு பெரிது என்று பக்கத்துக் காம்பிராவில் பதிவாகும்.