மூக்குக் கண்ணாடியும் தலைவிதியும்

கேள்வி: பிறப்பும் வளர்ப்புமே மனிதனை ஆட்டுவிக்கின்றன என்றால், குற்றவாளியைத் தண்டிப்பது என்ன நியாயம்?

பதில்: 1924-ல் சிகாகோ நீதிமன்றத்திலேயே எழுந்த கேள்வி இது. 14 வயதுச் சிறுவனைக் கொன்ற லியோபோல்டு, லோப் இருவருக்கும் அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பிணத்தருகே கிடந்த மூக்குக் கண்ணாடி காட்டிக்கொடுத்தது. அந்த மாதிரிக் கீல் வைத்த கண்ணாடியை ஊரில் வாங்கியவர்கள் மூன்றே பேர்!

பரம்பரையும் வளர்ப்பும் செதுக்கிய பிள்ளைகளைத் தூக்கில் போடலாமா என்று மணிக்கணக்கில் வாதாடினார் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ. நீதிபதி தூக்கைத் தவிர்த்தார். அவர் பார்த்தது தத்துவத்தை அல்ல, வயதை. ஆயுள் தண்டனை, அதோடு 99 ஆண்டுகள்.

வளர்ப்பு மனிதனை வளைக்கும், உண்மை. ஆனால் மாதக்கணக்கில் திட்டம் தீட்டியவர்களுக்கு, ‘வேண்டாம்’ என்று நிறுத்தவும் மாதக்கணக்கில் நேரம் இருந்ததே! தண்டனை நியாயம்தான்.

தூக்கு வேண்டாமென்று டாரோ மன்றாடியதும் நியாயமே. 1958-ல் பரோலில் வெளிவந்த லியோபோல்டு, போர்ட்டோ ரிக்கோ மருத்துவமனையில் ஊழியராக வேலை பார்த்தார்.