கீழத்தெருவுல கேட்டா மேலத்தெருங்கிறாக

வாங்க மருமகனே, உக்காருங்க. கீழத்தெருப் பயலுகளாலதான் நம்ம தெருப் பயலுக கெட்டுப்போறானுகன்னு நேத்துக் கூட்டத்துல முழங்குனீகளாமே. சபாஷ்! கீழத்தெருவுலயும் போய்க் கேட்டுப் பாத்தேன். அவுக மேலத்தெருவக் கையக் காட்டுறாக. எதுலயும் ஒத்துப்போகாத ரெண்டு தெருவும் டாஸ்மாக்குல மட்டும் ஒரே வரிசையில நிக்கிறீகளே, அதச் சொல்லணும்.

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்காரக நாடு பூரா வீடு வீடா விசாரிச்சு 2019-ல ஒரு கணக்கு விட்டாக. 10 வயசுலருந்து 75 வரைக்கும் ஆம்பளைகள்ல நூத்துக்கு 27 பேர் குடிக்கிறாகளாம். பொம்பளைகள்ல ரெண்டு பேர் கூடத் தேறல, 1.6-தான். ஒரே வீடு, ஒரே கொழம்பு, ஒரே குலசாமி. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஏன்யா இம்புட்டு வித்தியாசம்?

தங்கச்சி டியூசன் விட்டு வரப் பத்து நிமிசம் பிந்துனா வண்டிய எடுத்துக்கிட்டுப் பறக்குறீக. அண்ணன்காரன் ராத்திரி பதினோரு மணிக்குப் பாக்கு மென்னுக்கிட்டு வந்தா, "ஆம்பளப் புள்ள, முன்னப் பின்னத்தான் இருக்கும்." சரி, அது கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம மாடியில நீங்க கச்சேரி வைக்கையில தண்ணி பாக்கெட்டும் ஊறுகாயும் வாங்கியாரது ஆரு? ஒம்பதாங் கிளாஸ் படிக்கிற உங்க மகன். மிச்சச் சில்லறையும் அவனுக்கே. 21 வயசு ஆகாதவனுக்குச் சரக்கு விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்ட சர்க்கார், ஊறுகாய்க்கு வயசு போடாம விட்டுருச்சு. நீங்க என்ன செய்வீக, பாவம்!

அதே கணக்குல இன்னொரு கூத்து. பஞ்சர் சொல்யூசன், ஒயிட்னர்னு மோந்து பாக்குற போதையில மட்டும் சின்னப் புள்ளைக பெரியவுகள முந்திருச்சுக. 10லருந்து 17 வயசு வரைக்கும் நூத்துக்கு 1.17, பெரியவுகள்ல 0.58. பாட்டிலுக்குக் காசு வேணும், மீசை வேணும். சொல்யூசனுக்கு ரெண்டும் வேணாம், சைக்கிள் கடையிலயே கெடைக்கும். நீங்க பய வாய மோந்து பாத்துட்டுச் சொக்கத்தங்கம்னு கன்னத்தக் கிள்ளிட்டுப் போறீக. சட்டைக் கைய மோந்து பாத்தீகளா?

அவன அடிக்கச் சொல்லல. அடிச்சா வெளியத்தான் ஓடுவான். மக மேல வச்சிருக்குற பத்துக் கண்ணுல அஞ்சக் கழட்டி மகன் மேல மாட்டுங்க. அந்தப் பொம்பளப் புள்ளையும் கொஞ்சம் மூச்சு விடும். வர்ற ஞாயித்துக்கெழம ஊறுகாய் வாங்க நீங்களே நடந்து போயிட்டு வாங்க மருமகனே. தொந்திக்கும் நல்லது.