‘இந்தியா முழுவதும் இலவச டெலிவரி’ அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: 744 என்று தொடங்கும் பின்கோடில் குடியிருக்கும் ஒரு குடிமகன், ஸ்ரீ விஜயபுரம் (பழைய பெயர் போர்ட் பிளேர்), அந்தமான்.

பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள், பண்டிகைத் தள்ளுபடிப் பிரிவு, இந்தியா முழுவதும் இலவச டெலிவரி அலுவலகம், மெயின்லேண்ட்.

பொருள்: புது போன் வாங்கிக்கொள்ள அனுமதி கோருதல் தொடர்பாக.

ஐயா,

தங்கள் தீபாவளிச் சலுகை அறிவிப்பு நேற்றிரவும் தவறாமல் வந்து சேர்ந்தது. எங்கள் ஊருக்குத் தாங்கள் தடையில்லாமல் டெலிவரி செய்யும் பொருள் அது ஒன்றுதான் என்பதால் நன்றியோடு வாங்கி வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சுருக்காக அது வந்து சேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் வரை எங்கள் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பிப் பிழைத்தது. காலை வணக்கப் படம் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திறக்கும். ஆகஸ்ட் 10ஆம் தேதி, சென்னையையும் எங்களையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிளைப் பிரதமர் காணொலியில் திறந்துவைத்தார். செலவு 1,224 கோடி ரூபாய். ரங்கத், லாங் ஐலண்ட், ஹட் பே, கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை அது போகிறது. ‘இந்தப் பொருள் உங்கள் பகுதிக்குக் கிடையாது’ என்ற தங்கள் பதிலுக்காக முன்பெல்லாம் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது கண்மூடித் திறப்பதற்குள் கிடைத்துவிடுகிறது. வளர்ச்சியை மறுப்பவன் அல்ல நான்.

ஒருவேளை முகவரியில்தான் கோளாறோ என்றும் யோசித்தேன். எங்கள் பக்கம் பெயர்கள்தான் எல்லாவற்றையும்விட வேகமாக அப்டேட் ஆகின்றன. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவானது, நீல் ஷஹீத் தீவானது, ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவானது. 2023 ஜனவரி 23 அன்று பெயரில்லாமல் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா விருது பெற்றவர்களின் பெயர்கள் கிடைத்தன. 2024 செப்டம்பரில் தலைநகரமே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் தங்கள் கட்டத்தில் நிரப்பிப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே மரியாதைதான்.

744 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்கோடு என்ற ஏற்பாட்டை 1972 ஆகஸ்ட் 15இல் தபால்துறை கொண்டுவந்தது. கடிதம் சரியான இடத்துக்குப் போய்ச் சேரட்டும் என்பதற்காக உண்டான எண் அது. எங்கே போகவேண்டாம் என்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய பெருமை தங்களையே சேரும். தபால்காரருக்கு இந்த நுட்பம் இன்னும் பிடிபடவில்லை. பாவம், அவர் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எதுவுமே வராது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சட்டை வருகிறது, செருப்பு வருகிறது. போனுக்குப் போடும் உறை வருகிறது. போன்தான் வருவதில்லை.

புது போன் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். பங்குனி உத்திரத்துக்கு, ஐயா. இங்கே வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி தீவுகளில் 3,80,581 பேர். தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் அதில் ஏறக்குறைய 15 சதவீதம். ஆனால் உத்திரத்தன்று வீதியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். துர்கா பூஜைக்கு நாங்கள் போய் நின்ற கடனைத் தீர்க்க வங்காளிகள் வருவார்கள். விநாயக சவிதிக்குப் பந்தல் போட்ட தெலுங்கர்கள் வருவார்கள். ஓணம் கொண்டாடிய மலையாளிகளும் வருவார்கள். யார் எந்த வேண்டுதலுக்குக் காவடி எடுக்கிறார் என்பதை ஒருவருக்கொருவர் இந்தியில் விளக்கிக்கொள்வார்கள். மொத்தப் பேர் கையிலும் போன். வேலைவிட உயரத்தில் போன்கள் நிற்கின்றன. காவடிக்கு முன்னால் போகிறவர்களில் பாதிப் பேர் படம் பிடித்தபடி பின்பக்கமாக நடக்கிறார்கள். அதுவும் ஒரு வேண்டுதல்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் போனுக்கு வயதாகிவிட்டது. காவடி கோயில் வாசலை எட்டுவதற்கு முன் பேட்டரி தீர்ந்து கண்ணை மூடிவிடும். ராமநாதபுரத்தில் இருக்கும் என் அத்தைக்கு வருடாவருடம் பாதி உத்திரம்தான் தரிசனம். முருகன் உள்ளே போனாரா இல்லையா என்று இரவு போன் செய்து கேட்கிறார். பவர் பேங்க் வாங்கிக்கொள் என்பீர்கள். 2016 ஏப்ரல் 1 முதல் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் தனிச் சரக்காக ஏற்றக்கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் விமானப் போக்குவரத்து அமைப்பு போட்ட விதி. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, விதி சரியானது. ஆகவே பவர் பேங்க் கப்பலில் வரவேண்டும். சென்னையிலிருந்து எங்கள் ஹாடோ துறைக்கு ஏறக்குறைய மூன்று நாள். கடல் கொந்தளித்தால் கடல் சொல்வதுதான் கணக்கு.

இதற்கிடையே 2020 முதல் சில பெரிய கம்பெனிகள் போன் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்திவிட்டன. சுற்றுச்சூழலைக் காப்பாற்றவாம். பெட்டி ஒரு வழியில், சார்ஜர் வேறொரு வழியில், இரண்டு அட்டைப்பெட்டிகளில், 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் தாண்டி வந்தால் சுற்றுச்சூழல் மனம் குளிர்ந்துபோகும் என்று நம்புகிறேன்.

போனைச் செய்கிறவர்களிடம் தாங்கள் பேசும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். ‘சார்ஜ் துளையில் ஈரம் இருக்கிறது, காயவைக்கவும்’ என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும் ஊர் இது. காற்றில் உப்பு இருக்கும் அளவுக்கு ஈரமும் இருக்கிறது. எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது? ஊரையேவா?

தங்கள் நள்ளிரவு விற்பனையையும் நாங்கள் விடுவதில்லை. நாட்டின் கடிகாரம் 82½ டிகிரி கிழக்கில் ஓடுகிறது. நாங்கள் 92 டிகிரியையும் தாண்டிக் கிடக்கிறோம். தங்கள் 12 மணி எங்கள் வானத்துக்கு 12.40. நவம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே பொழுது சாயும் ஊரில் அதுவரை கொட்டாவி விட்டுக் காத்திருந்து, பட்டனை அழுத்தி, மறுப்பை வாங்கிக்கொண்டு படுக்கப் போகிறோம்.

தாங்கள் கைவிட்டாலும் எங்களுக்கென்று ஒரு டெலிவரி முறை இருக்கிறது. மனிதர்கள். யாராவது மெயின்லேண்ட் போகிறார் என்று தெரிந்தால் போதும், தெருவே பட்டியலோடு வந்துவிடும். சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவரிடம் “உடம்புக்கு என்ன?” என்று கேட்பதற்கு முன் “வரும்போது பெட்டியில் இடம் இருக்குமா?” என்று கேட்கும் நாகரிகத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது தங்கள் அலுவலகம்தான். இதய ஆபரேஷன் முடிந்து திரும்புகிறவர் அடுத்தவர்களின் போன்களைச் சுமந்து வருகிறார். டெலிவரி கட்டணம் கேட்பதில்லை. ரேட்டிங்கும் கேட்பதில்லை.

அபர்தீன் பஜாரில் கடை இல்லையா என்றால் இருக்கிறது. போன வருஷ மாடல், இந்த வருஷ விலை. கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். அவர் சரக்கும் அதே கடலைத்தான் தாண்டி வருகிறது. பழைய போனைக் கொடுத்துப் புதியதை வாங்கலாம் என்ற தங்கள் திட்டமும் எங்கள் பின்கோடுக்குக் கிடையாது என்பதால், ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் செத்த போன்கள் அடுக்கிக் கிடக்கின்றன. குப்பை கொட்ட இடமில்லாத தீவில் அவற்றை எங்கே புதைப்பது? சென்னைக்குத் திரும்பும் கப்பலில் இந்தப் பழையதுகளையாவது எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

கேட்பது பெரிதல்ல. போனைக் கப்பலில் அனுப்புங்கள். எத்தனை நாள் ஆகும் என்பதை உண்மையாகச் சொல்லிவிடுங்கள், காத்திருக்கிறோம். 744 என்று தொடங்கும் பின்கோடுக்கு வரும் பெட்டிக்குள் மட்டுமாவது ஒரு சார்ஜரை வைத்துவிடுங்கள். கட்டணம் கூடுதல் என்றால் அதையும் முன்னாலேயே எழுதுங்கள், தருகிறோம். இதில் ஒன்றும் முடியாதென்றால், அடுத்த விளம்பரத்தில் தாங்கள் போய்ச்சேரும் மாநிலங்களின் பெயர்களை வரிசையாக அச்சடித்துவிடுங்கள். நாங்களும் இரவு நேரத்தோடு தூங்குவோம்.

இப்படிக்கு,
பாதி உத்திரம் காட்டும் போனின் சொந்தக்காரன்