ஜூன் முதல் மார்ச் வரை ஆடுபவர்

ஐ.பி.எல். என்று சுருக்கமாக வழங்கும் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடர் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்களே நடைபெறுவதால், எஞ்சிய பத்து மாதங்களில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணி பூட்டிய அலுவலகமாகக் கிடக்கும் என்றும், அதன் ரசிகர்கள் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்றும் வெளியூர்க்காரர்கள் கருதுவதுண்டு. சாதாரண ரசிகருக்கு இது பொருந்தலாம். பெங்களூரில் தனியொரு மனித வகையாகவே வளர்ந்துவிட்ட ஆட்டமில்லாக்கால ரசிகருக்குப் பொருந்தாது. கோடையில் ஆடுபவர்கள் பதினொரு பேர். ஜூன் முதல் மார்ச் வரை ஆடுபவர் இவர் ஒருவரே.

இவ்வகையினர் நகரெங்கும் பரவியிருந்தாலும், அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் முதலான, தமிழர் தலைமுறைகளாக வாழும் பகுதிகளில் காணப்படும் கிளை தனிக் கவனத்துக்குரியது. அவரை உடையால் எளிதில் அடையாளம் காணலாம். அணியின் பெயரிலிருந்த ‘பேங்களூர்’ 2024 மார்ச் 19 அன்று சின்னசாமி மைதானத்தில் நடந்த விழாவில் ‘பெங்களூரு’ என மாற்றப்பட்ட பிறகும், பழைய பெயர் பொறித்த சட்டையையே அவர் காலையில் நந்தினி பால் வாங்கப் போகும்போது அணிவார். முதுகிலிருந்த விராட் கோலியின் 18-ஆம் எண்ணில் ஒன்று துவைத்துத் துவைத்து உதிர்ந்துபோய் எட்டு மட்டும் எஞ்சியிருக்கும். புதிய சட்டை வாங்க வசதி இல்லாமல் இல்லை. வென்ற பின் வந்து சேர்ந்தவர்களோடு தம்மையும் சேர்த்து எண்ணிவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கைதான். தர்ஷினி எனப்படும், நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் சிற்றுண்டிச் சாலையில், ஒரு காபியை இரண்டு தம்ளர்களில் பகிர்ந்து தரும் ‘பை டூ’ வசதியைப் பயன்படுத்திக்கொண்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் மேசையை விட்டு நகராதவர் எவரோ, அவரே இவர் என்று கொள்ளலாம்.

அவருடைய முதன்மையான கருவி ஒரு லாங் சைஸ் நோட்டு. இதன் தேவையை உணர ஏலமுறையைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். ஐ.பி.எல். அணி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தொகைக்குள் அதிகபட்சம் 25 வீரர்களை வைத்துக்கொள்ளலாம். அவர்களுள் வெளிநாட்டினர் எட்டுப் பேரைத் தாண்டக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அணிகளை ஏறக்குறைய முற்றிலும் கலைத்துப் போட்டு நடத்தப்படுவது பெரிய ஏலம். இடைப்பட்ட ஆண்டுகளில் நடப்பது சிறிய ஏலம். ஆகவே ஆட்டமில்லாக் காலம் என்பது யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவிப்பது, மிச்சப்பணத்தில் யாரைப் பிடிப்பது என்ற வரவுசெலவுக் காலமாகும். நோட்டின் இடப்பக்கத்தில் அணி நிர்வாகம் செய்தது நீல மையிலும், வலப்பக்கத்தில் செய்திருக்க வேண்டியது சிவப்பு மையிலும் எழுதப்பட்டிருக்கும். வலப்பக்கத்து அணி இன்றுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை.

அவருடைய நாட்காட்டியும் பிறருடையதினின்று வேறுபட்டது. 2024-இல் தக்கவைப்புப் பட்டியலை வெளியிட வேண்டிய கடைசி நாளான அக்டோபர் 31 தீபாவளியன்றே வந்துவிட்டது. தெருவே மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்த மாலைப் பொழுதில், கோலிக்கு 21 கோடி, ரஜத் பட்டிதாருக்கு 11 கோடி, யஷ் தயாளுக்கு 5 கோடி என மொத்தம் 37 கோடி போக, 120 கோடியில் மீதி 83 கோடி என்ற கணக்கை இவ்வகையினர் போட்டு முடித்த பிறகே அதிரசத்தைத் தொட்டனர். அடுத்து நவம்பர் 24, 25 தேதிகளில் சவூதி அரேபியாவின் ஜெத்தா நகரில் பெரிய ஏலம் நடைபெற்றது. கார்த்திகை மாதத்தில் கல்யாணம் வைத்த உறவினர்கள் அனைவரும் அவருடைய வருத்தத்துக்கு ஆளானார்கள். சிறிய ஏலங்களோ பெரும்பாலும் டிசம்பர்ப் பிற்பகுதியில் வருவதால் அவருக்கு உகந்தவை. 2025-இல் அபுதாபி ஏலம் டிசம்பர் 16, அதாவது மார்கழி முதல் நாளில் அமைந்தது. மார்கழியில் சுபகாரியம் கூடாது என்று முன்னோர் ஏன் வகுத்தார்கள் என்பதற்கு ஆன்மிகக் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், ஏல நேரத்தில் யாரும் பந்திக்கு அழைத்துவிடக் கூடாது என்பதே மெய்யான காரணம் என அவர் உறுதியாக நம்புகிறார்.

மனக்காயங்களைப் பேணிக் காப்பது இக்காலத்தின் இரண்டாவது கடமை. விடுவிக்கப்பட்ட வீரரை முந்தைய அணியே, ஏலத்தில் கேட்கப்பட்ட விலைக்கு ஈடுகொடுத்துத் திரும்பப் பெற வழிசெய்யும் உரிமைக்கு ‘ரைட் டு மேட்ச்’, சுருக்கமாக ஆர்.டி.எம்., என்று பெயர்; அதைக் குறிப்பது ஓர் அட்டை. ஜெத்தாவில் பெங்களூரு அணிக்கு இவ்வுரிமை மூன்று முறை இருந்தது. முகமது சிராஜ் 12.25 கோடிக்குக் குஜராத்துக்கும், வில் ஜாக்ஸ் 5.25 கோடிக்கு மும்பைக்கும் போனபோது அந்த அட்டை எடுக்கப்படவில்லை. 50 இலட்சத்துக்கு ஸ்வப்னில் சிங்கைத் திரும்பப் பெற மட்டும் எடுக்கப்பட்டது. இது நிகழ்ந்த நாளிலிருந்து, வீட்டில் மீதமான சட்னியைக் குளிர்பெட்டியில் எடுத்து வைப்பதையும் அவர் ‘ஆர்.டி.எம்.’ என்றே குறிப்பிடுகிறார். பழைய காயங்களின் பட்டியல் இன்னும் நீளமானது. 2016 இறுதியாட்டத்தில் பெங்களூருக்காக நான்கு ஓவர்களில் 61 ரன் கொடுத்த ஷேன் வாட்சன், 2018 இறுதியாட்டத்தில் சென்னைக்காக ஆட்டமிழக்காமல் 117 ரன் அடித்ததை, வாடகையை பாக்கி வைத்துவிட்டுப் போனவர் எதிர்வீட்டையே விலைக்கு வாங்கியதற்கு ஒப்பாகவே அவர் கருதுகிறார்.

எனினும் அவர் புலம்பல் ஒன்றையே அறிந்தவர் என்று எண்ணுவது தவறு. நிர்வாகத்தின் நிலையில் நின்று நியாயம் சொல்லவும் வல்லவர். ஜெத்தாவில் வெங்கடேஷ் ஐயருக்காகக் கொல்கத்தாவுடன் பெங்களூரு நெடுநேரம் மல்லுக்கட்டி, கடைசியில் 23.75 கோடிக்கு விட்டுக்கொடுத்தது. அதே வீரர் ஓராண்டு கழித்து அபுதாபியில் 7 கோடிக்குப் பெங்களூரிடம் வந்தார். ஓராண்டுப் பொறுமைக்கு 16.75 கோடி லாபம் என்று தர்ஷினி மேசையில் விரலால் எழுதிக் காட்டியபோது, அத்தொகை தம் சேமிப்புக் கணக்கில் விழுந்தாற்போன்ற பொலிவு அவர் முகத்தில் தெரிந்தது. பெங்களூரு விடுவித்த லியாம் லிவிங்ஸ்டன் அதே ஏலத்தில் 8.75 கோடியிலிருந்து 13 கோடியாகி ஹைதராபாத்துக்குப் போன செய்தி அவரை எட்டாமல் இருந்திருக்க வழியில்லை. ஆனால் அன்றைய பக்கத்தில் அது பதிவாகவில்லை.

ஆட்டமே இல்லாத காலத்தில் அவர் வேறு ஆட்டங்களைப் பார்ப்பதுண்டு, ஆனால் எல்லாவற்றையும் பெங்களூரு அணியின் சிவப்புக் கண்ணாடி வழியாகவே பார்ப்பார். இந்தியாவின் மண்டல அணிகள் மோதும் துலீப் கோப்பையின் இறுதியாட்டம் 2025 செப்டம்பரில் பெங்களூரிலேயே நடந்தது. எதிரெதிரே நின்றவை தென் மண்டலமும் மத்திய மண்டலமும். பிறந்த மண், வளர்ந்த மண், உண்ணும் சோறு அனைத்தும் தென் மண்டலத்தைச் சேர்ந்தவையாக இருந்தும், மத்திய மண்டலத்தின் தலைவர் ரஜத் பட்டிதார் என்ற ஒரே காரணத்தால் அவர் விந்தியத்துக்கு அப்பால் குடிபெயர்ந்தார். பட்டிதார் சதமடித்து மத்திய மண்டலமும் கோப்பையை வென்ற பின்னரே ஊர் திரும்பினார். நவம்பரில் பெங்களூரு அணியின் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஜோஷ் ஹேசல்வுட்டின் தொடைத் தசைநார் பிசகியபோது, ஆஷஸ் தொடரை ஆஸ்திரேலியா எவ்வாறு சமாளிக்கும் என்று உலகம் கவலைப்பட்டது. மார்ச்சுக்குள் ஆறுமா என்பதே அவர் கவலை. தம்முடைய சர்க்கரை அளவு மூன்று மாதமாகப் பார்க்கப்படாத நிலையில், அந்தத் தசைநாரின் அன்றாட நிலவரத்தை அவர் மருத்துவச் சொற்களோடு எடுத்துரைத்தார். அதே மாதத்தில் அணியின் அப்போதைய உரிமையாளரான யுனைடெட் ஸ்பிரிட்ஸ் நிறுவனம் அதைக் கைமாற்றுவது பற்றி ஆராயப்போவதாக அறிவித்ததும், மருத்துவர் ஒரே இரவில் முதலீட்டு ஆலோசகராக மாறினார்.

தமிழராக இருப்பது இவ்வகையினருக்குக் கூடுதல் சோதனை. சென்னையிலிருந்து தீபாவளிக்கு வரும் மனைவியின் தம்பி, பிறவியிலேயே சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர். பட்சணத் தட்டு கைக்கு வருவதற்குள் வம்புக்கு இழுத்துவிடுவார்.

“என்ன மாமா, இந்த வருஷமும் ஏலத்துல கப் உங்களுக்குத்தானா?”

“சேப்பாக்கத்துல எங்களால ஜெயிக்கவே முடியாதுன்னு வருஷா வருஷம் சொல்லுவியே மச்சான், மார்ச் 28 ராத்திரி போன் பண்ணேன், ஏன் எடுக்கல?”

“சார்ஜ் இல்ல மாமா.”

“பதினேழு வருஷம் எங்களுக்குச் சார்ஜ் இல்ல. நாங்க எடுக்கலியா?”

2025 மார்ச் 28 அன்று சென்னையின் சேப்பாக்கம் மைதானத்தில் பெங்களூரு 50 ரன் வித்தியாசத்தில் வென்றது, 2008-க்குப் பிறகு அங்கே சென்னை அணிக்கு எதிராக அது பெற்ற முதல் வெற்றியாகும். இந்த உரையாடலுக்குப் பின் மைத்துனருக்குக் கூடுதலாக இரண்டு முறுக்கு பரிமாறப்படுவது, வெற்றி பெற்றவரின் பெருந்தன்மை என்றே கொள்ளத்தக்கது.

இவரைப் போன்றவர் பெங்களூருக்கு மட்டும் உரியவர் அல்லர். பனித்தளத்தில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கியில், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி 1967-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றதில்லை. அந்நகரில் பனி உருகிய பின் ஜூலை முதல் தேதி ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறக்கிறது, நோட்டுகளும் திறக்கின்றன. 2025 கோடையில் மிட்ச் மார்னர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போனபோது டொராண்டோவில் எழுந்த பெருமூச்சை அல்சூர்க்காரர் மொழிபெயர்ப்பின்றியே புரிந்துகொள்வார்.

இத்தகைய வாழ்க்கைமுறைக்குப் பேராபத்து வந்தது கோப்பை உருவில். 2009, 2011, 2016 ஆகிய மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்ற அணி, 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன் வித்தியாசத்தில் வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர்; அதைப் பற்றி இவ்வகையினர் தர்ஷினி மேசையில் தாழ்ந்த குரலில்கூட விவாதிப்பதில்லை, அந்த நாளில் நகைப்பதற்கு எதுவும் இல்லை. அதற்குப் பின் வந்த மாதங்களில், ‘ஈ ஸலா கப் நம்தே’, அதாவது இம்முறை கோப்பை நமதே என்று நெடுநாள் காத்த விரதம் முடிந்துவிட்டபடியால், இனி என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. மகளிர் அணி 2024 மார்ச்சிலேயே, ஆடவர் தொடர் தொடங்குமுன், டெல்லியை வென்று கோப்பை கொண்டுவந்தபோது எழாத கேள்வி இது. அப்போது ஆண்கள் எப்போது வெல்வார்கள் என்ற குறை கைவசம் இருந்தது. சில வாரங்கள் அவர் ஒன்றும் சொல்லத் தோன்றாமல் காபி குடித்தார். பிறகு நோட்டின் புதிய பக்கத்தில், கோப்பையைத் தக்கவைப்பது வெல்வதைவிடக் கடினம் என்று தலைப்பிட்டு, வென்ற அணியில் களையப்பட வேண்டிய ஒன்பது குறைகளைச் சிவப்பு மையில் எழுதத் தொடங்கியதும் வீட்டார் நிம்மதியடைந்தனர்.

உண்மையில் இவ்வகையினருக்கு ஆட்டமில்லாக் காலமே ஆட்சிக்காலம். ஆட்டம் தொடங்கிவிட்டால் பந்து யார் கையிலோ, மட்டை யார் கையிலோ; கேட்ச் நழுவுவதை ஆர்.டி.எம். அட்டையால் தடுக்க முடியாது. பத்து மாதங்கள் தேர்வாளராகவும் கணக்காளராகவும் மருத்துவராகவும் இருந்து ஒருமுறையும் தோற்காமல் தாம் நடத்திவந்த அணியை, மார்ச் இறுதியில் அதே அணியின் பதினொரு வீரர்களிடம் ஒப்படைக்க நேரும்போது, சம்பந்தமில்லாதவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கிறோமே என்ற கவலை அவர் முகத்தில் படர்வது இயல்பே.