109 கிலோ தகுதி

ரயில்வே பிளாட்பாரத்து எடை மெஷினில் ஏறி, சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மினுங்க, சக்கரம் நிற்கும்வரை காத்திருந்து காசு போட்டால் கெட்டி அட்டைச் சீட்டு ஒன்று 'டக்'கென்று விழுமே, நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் எடையும் பலனும், மறுபக்கம் சினிமா நட்சத்திரம். கிலோ கூடியிருந்தால் எனக்கு அன்று தீபாவளி. பெண் பார்க்கப் போவதற்குள் பையன் கொஞ்சம் சதை போடட்டும் என்று அம்மா நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி ஊட்டிய காலம் அது. குடும்பப் போட்டோவுக்கு நான் உள்ளே இன்னொரு சட்டை மாட்டிக்கொண்டு நிற்க, பெரியப்பா மட்டும் தொப்பையை முன்னால் விட்டுக் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். அந்தத் தொப்பை எங்கள் குடும்பத்தின் சொத்துக் கணக்கில் சேர்த்தி.

அதே பெரியப்பாவின் மகன், என் அண்ணன், எடையைக் குறைக்கச் சில லட்சங்கள் கட்டி இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு வந்திருக்கிறார். வயிற்றைப் பிளக்கவில்லை; நான்கைந்து துளைகள், அதன் வழியே ஸ்டேப்ளர், மிச்சம் வாழைப்பழ அளவில் ஒரு குழாய். பில்லில் என் கண்ணை உறுத்தியது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் அந்த ஸ்டேப்ளர் சாமான்களின் விலைதான்.

இன்சூரன்ஸ் கைகொடுக்கவில்லை. 2019-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த நிபந்தனைப்படி, இந்த ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 40 வேண்டும், இதய நோயோ அடங்காத சர்க்கரையோ இருந்தால் 35. அதாவது 165 செ.மீ. உயரக்காரர், வேறு நோய் இல்லாவிட்டால், 109 கிலோவைத் தொட வேண்டும். "இன்னும் கொஞ்சம் வெயிட் போடணும் சார்" என்றார்களாம் அண்ணனிடம். எங்கள் அம்மாவுக்குப் பிறகு அப்படிச் சொன்னவர்கள் அவர்கள்தான்! 2022-ல் உடல்பருமன் அறுவை சிகிச்சை நிபுணர்களின் சங்கங்களோ ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே போதும் என்று வாசலை அகலத் திறந்துவிட்டன. 2025-ல் எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசியும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஆக, வழிகளுக்குப் பஞ்சமில்லை, பர்ஸுக்குத்தான்.

மாத்திரைச் செலவு குறைந்ததையும், குறட்டை நின்று அண்ணி நிம்மதியாகத் தூங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் போட்ட பணம் வீண் இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் கல்யாணப் பந்தியில் அரை இட்லியோடு இலையை மூடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பாலிசி வைத்திருப்பவர்கள், இந்த எடை நிபந்தனைகள் இருக்கும் 'எக்ஸ்க்ளூஷன் 06' என்ற பத்தியை இன்றே ஒருமுறை படித்துவிடுங்கள்.